காலால் சாத்திய கதவு

டொக்... டொக்... டொக்...

ராத்திரி பத்து மணியானால் போதும், பக்கத்து வீட்டில் அந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும். சுவரில் ஆணி அடிக்கிறார்கள் என்றுதான் ரூபி முதலில் நினைத்தாள். இன்றைக்கு வாசமும் சேர்ந்து வந்தது.

வறுத்த வேர்க்கடலை.

 ஈசூன் பேட்டை முழுக்க தீபாவளிப் பலகாரம் மணக்கிறது. அவள் வீட்டில் மட்டும் கடலை என்றால் விஷம்.

முன்பொரு நாள் ஃபேரர் பார்க்கில் ஒரு கடையில், கடலைக் குழம்பில் தோய்த்த ஒரே ஒரு துண்டு ரோஜாக் பலகாரம். மகள் அருள்ஜோதிக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பிழைத்த பிழைப்பு. "அலர்ஜி. கடலை தொட்ட கைகூட இவ மேல படக்கூடாது" என்றார் டாக்டர்.

மாமியார் அல்போன்சம்மாளிடம் சொன்னதற்கு, "கடலை தின்னா பிள்ளைக்கு மூச்சு முட்டுமாம்! கான்வென்ட்ல படிச்சவளுக்குத் தும்மினாலும் நோய்தான்" என்று மாதா கோயில் வாசலில் நாலு பேருக்கு முன்னால் சிரித்தாள்.

அதற்கப்புறம் ரூபி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

சரஸ்வதி பூசையன்று பக்கத்து வீட்டுக் கண்மணி வேர்க்கடலைச் சுண்டலோடு வந்து நின்றபோதுகூட, "வேணாங்க்கா, நாங்க சாப்பிடறதில்ல" என்றுதான் சொன்னாள்.

கண்மணி முகம் சுருங்கிவிட்டது. "ஓ... சாமிக்குப் படைச்சது, அதனாலயா?"

இல்லையென்று சொல்ல வாயெடுத்த ரூபி, மாமியாரின் சிரிப்பு ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். மதம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். கேலியாவது மிஞ்சாது.

அதிலிருந்து கண்மணி அவ்வளவாகப் பேசுவதில்லை.

"பெரியம்மா!"

குழந்தையின் குரல். அறையிலிருந்து அல்ல, வெளியே காரிடாரிலிருந்து!

நைட் ஷிப்டுக்குப் போன கணவன் சவரிராஜ் கேட்டைச் சரியாகச் சாத்தவில்லை. ரூபி ஓடினாள்.

கண்மணி வீட்டு வாசலில் அருள்ஜோதி. உள்ளே தரையில் உரலோடு உட்கார்ந்திருந்த கண்மணி, பிள்ளையைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.  காலால் ஓங்கி ஓர் உதை.

படார்!

மூஞ்சிக்கு நேரே மூடிய கதவைப் பார்த்துக் குழந்தை வீறிட்டது.

கடைசி வீட்டுக் கமலா தலையை நீட்டினாள். "பாத்தியா ரூபி? நல்ல நாளும் அதுவுமா பச்சப் புள்ளயப் பாத்துக் காலால கதவ ஒதைக்கறா! நாய் வந்தாகூட இப்படிச் செய்யமாட்டாங்க லா!"

ரூபி பிள்ளையை வாரி எடுத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"அக்கா! கோவம்னா எங்கிட்ட காட்டுங்க. பிள்ளை உங்கள என்ன பண்ணிச்சு?"

 உள்ளே குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. பிறகு காரிடார்ப் பக்கத்து ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது.

"ஏண்டி கத்தறே? காலால சாத்தாம வேற எதால சாத்தறது? ரெண்டு கையும் கடலை! இந்தக் கையால உன் பிள்ளையப் பிடிச்சு வெளிய விடச் சொல்றியா?"

 "உங்களுக்கு... யாரு சொன்னாக்கா?"

"நீதான். 'மாதாவே, கடலை எம்பிள்ளை பக்கமே வராம பாத்துக்கோ'ன்னு தெனமும் அழறியே, ஹவுசிங் போர்ட் சுவரு என்ன கோட்டைச் சுவரா? மாதாவுக்கு முன்னால எனக்குத்தான் கேக்குது."

கமலாவின் தலை மெதுவாக உள்ளே போனது.

"சுண்டல வேணாம்னப்ப கோவந்தான், இல்லங்கல. விஷயம் தெரிஞ்சதும் போயிடுச்சு. உன் பிள்ளை தூங்கினப்புறம் இடிக்கலாம்னுதான் ராத்திரில உக்காந்தேன். எங்க வீட்டுக்காரரு தூக்கம் போச்சுன்னு திட்டறாரு. இன்னிக்கு இவ மத்தாப்பு பாத்துட்டு முழிச்சிருப்பான்னு நான் கண்டேனா?"

"அக்கா, அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்..."

"நாளைக்குப் பேசிக்கலாம். குளிச்சிட்டு நானே வரேன். எங்க வீட்டுக் கதவு சும்மா சாத்தினாப்லதான் இருக்கு, பிள்ளை தள்ளினா தொறந்துக்கும். முதல்ல உங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போ."

ஜன்னல் மூடியது.

தோளில் விசும்பிக்கொண்டிருந்த அருள்ஜோதி கேட்டாள். "அம்மா, பெரியம்மாவுக்கு எம்மேல கோவமா?"

ரூபி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் பதில் சொல்வதற்குள், கண்மணி கழுவிய கையால் உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.