யானை இழுத்தாலும்

குழந்தைகளுக்கான விலையுயர்ந்த கார் இருக்கைகளை விற்கும் அந்த மேலாளருக்குப் புகார்க் கடிதங்களைப் படிக்கும் கெட்ட பழக்கம் கிடையாது. யார் வந்தாலும் இருக்கையில் மணல் மூட்டையை வைத்து, பெல்ட்டை மாட்டி, தலைகீழாகத் தூக்கிக் காட்டுவார். வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

நுகர்வோர் நீதிமன்றத்திலும் அதே வித்தைதான்.

"பாருங்கம்மா, யானை இழுத்தாலும் கழலாது! இதைப் போய்க் குறைன்னு சொல்றாரு!"

நீதிபதியம்மா புகார் கொடுத்த தகப்பனைப் பார்த்தார்.

"கழலாதுதாங்கம்மா. ஆனா பட்டனை ஒரு அழுத்து அழுத்தினா பெல்ட் திறந்துடும்னு பெட்டியில போட்டிருக்கே. இப்ப அவரையே திறக்கச் சொல்லுங்க."

மேலாளர் சிரித்துக்கொண்டே அழுத்தினார். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினார். வியர்த்தது. மூட்டை அசையவில்லை.

"நானும் இப்படித்தாங்க அழுத்தினேன்," என்றார் தகப்பன். "கார் ஏரிக்குள்ள முழுகிட்டிருந்துச்சு."