ஆச்சி வாங்கிய கேரண்டி

“சம்பந்தி வீட்டுக்காரவுக முன்னால இது ஓடலேன்னா எம் மானம் போயிருமே தம்பி!”

சிகப்பி ஆச்சி கூடையிலிருந்து குழந்தைப் படம் போட்ட பால்மாவு டின்னை எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்து, ஒரு மிக்சியைப் பெட்டியோடு தூக்கிச் சீனியின் மேசைமேல் தொம்மென்று போட்டார்.

சீனி ஈப்போவில் மிக்சிக் கம்பெனிக்கு ஏஜண்டு. விற்பதும் அவன்தான், ரிப்பேர் என்று வந்தால் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவன்தான். மிக்சியைச் செய்தவன் கோலாலம்பூரில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

“எப்ப வாங்கினது ஆச்சி?”

“போன வருசம் தைப்பூசத்துக்கு. சின்னப் பேத்தி கல்யாணச் சீருக்குன்னு வாங்கினது. மூத்தவளுக்குக் குடுத்தது இன்னும் ஜம்முனு ஓடுது. இதை நேத்துத் தூசி தட்டறப்ப ஓட்டிப் பாத்தா, மொனகுதே தவிர சுத்தலை.”

“கேரண்டி ஒரு வருசந்தான். போன மாசமே முடிஞ்சிருச்சு.”

“நேத்து வரைக்கும் பெட்டியையே பிரிக்கலே, அதுக்குள்ள எப்படி முடியும்? செஞ்ச கம்பெனிதான் ரிப்பேர் பண்ணித் தரணும்னு வெளிநாட்டுல சட்டமே இருக்காம்ல!”

“நம்ம நாட்டுல அது இன்னும் வரலே ஆச்சி.”

“சட்டம் வரலேன்னா என்ன? நான் வந்திருக்கேன்ல?”

பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து ரிப்பேருக்கு ரேடியோவோடு வந்திருந்த மாயாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். “ஆச்சி சொல்றது ஞாயந்தான் லா. பயனீட்டாளர் சங்கத்துல போய்ச் சொன்னாங்கன்னா, பேப்பர்ல உன் மூஞ்சிதான் வரும் மச்சான்.”

சீனி உடனே திருப்புளியை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் மிக்சி ஊரைக் கூட்டும் சத்தத்தோடு சுற்றியது. ஆச்சி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

“இனிமே கல்யாணத்தன்னைக்குத்தான் பெட்டியைப் பிரிப்போம். அன்னையிலேருந்து ஒரு வருசம் கேரண்டி. இவுக முன்னால சொல்லுங்க.”

கல்யாணச் சாமானைத் தூசி தட்டியாயிற்று என்றால், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம் என்று சீனி மனசுக்குள் போட்டுப் பார்த்தான். ஆளை விட்டால் போதும் என்றிருந்தது. சுவரிலிருந்த முருகன் படத்தைத் தொட்டுச் சத்தியமே செய்துவிட்டான்.

“கல்யாணத்தன்னைக்கு ஆரம்பிச்சு ஒரு வருசம். கம்பெனிக்காரன் கையை விரிச்சாலும் நானே வீடு தேடி வந்து பாத்துத் தாரேன். மாயாண்டி, நீதான்டா சாட்சி!”

தன் தாராள மனசை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே, “கல்யாணம் எப்போ ஆச்சி? எனக்குப் பத்திரிகை வைக்க மறந்துராதீங்க” என்றான்.

ஆச்சி பால்மாவு டின்னைப் பத்திரமாகக் கூடைக்குள் வைத்தார்.

“வைக்காம இருப்பேனா தம்பி? மொதல்ல அவ பால் போத்தல மறக்கட்டும் லா.”