ஒரே அளவுத் தோட்டா

துப்பாக்கிக் கடையில் இருந்தவர்கள்: அவள். அவளுடைய அண்ணன். அண்ணனின் சிநேகிதன் சுந்தரவேல், மலையில் விடுதி நடத்துகிறவன். கடைக்காரர் இஸ்மாயில் பாய்.

லைசென்ஸ் அவள் பெயரில். பணமும் அவளுடையது.

பேசியது மற்றவர்கள்.

மேசைமேல் ஒரு பழைய ரைஃபிள் கிடந்தது. தோட்டா அளவு .315, பேச்சில் மூன்று பதினைந்து. ஓய்வுபெற்ற யாரோ விற்றுவிட்டுப் போனது. மலிவு. முதல் துப்பாக்கிக்கு இதைவிட என்ன வேண்டும் என்றான் சுந்தரவேல்.

அண்ணன் அதைத் தூக்கித் தோளில் வைத்துத் தெருப்பக்கம் குறிபார்த்தான். பாய் குழலைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

அண்ணனுக்கு லைசென்ஸ் கிடைக்காது. திருவிழாவில் ஒருவன் மண்டையை உடைத்த வழக்கு இன்னும் நடக்கிறது. அதனால் அவளை மனுப் போடச் சொன்னான். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு அண்ணியை நிறுத்தியதுபோல. அங்கே கையெழுத்துப் போடுவது அண்ணி. நாற்காலியில் இருப்பது அவன்.

தாசில்தார், வனத்துறை, போலீஸ் என்று அலைந்தது அவள். பயிற்சிக்குப் போய்த் தோள் கன்றியது அவளுக்கு. அவன் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

அவளுக்குத் துப்பாக்கி வேண்டும். அது பொய்யில்லை. போன வருடம் உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதையும் பன்றி புரட்டிப் போட்டது. இந்தப் போகத்துக்கும் வந்துவிட்டது.

ஆனால் இந்தத் துப்பாக்கி பன்றிக்கு இல்லை.

ஜீப்பில் வரும்போதே பேசி முடித்திருந்தார்கள். சுந்தரவேலிடம் ஏற்கெனவே ஒரு மூன்று பதினைந்து உண்டு. லைசென்சுக்கு வருடத்தில் இத்தனை தோட்டா என்று கணக்கு. தீர்ந்தால் தீர்ந்ததுதான். இவளும் அதே அளவு வாங்கினால் இவள் பங்குத் தோட்டாவையும் எடுத்துக்கொள்ளலாம். ரெண்டு துப்பாக்கி, ஒரே தோட்டா என்றான் சுந்தரவேல். அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

அவள் பின்சீட்டில்தான் இருந்தாள். ஏற்றிய மூட்டைக்காக யார் குரலைத் தாழ்த்துவார்கள்.

போன தை மாதம் விடுதிக்கு வந்தவர்களுக்காக ஒரு கடமான் விழுந்தது. கறி சுமந்த சடையன் ஜெயிலில் இருக்கிறான். தின்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சுட்டவன் இதோ எதிரில் நின்று மீசையைத் தடவுகிறான்.

அடுத்த முறை சடையன் தேவையில்லை. தோட்டா யார் கணக்கில் போனது என்று வனத்துறையினர் கடையில் வந்து கேட்பார்கள். அவள் கணக்கில். இனிஷியலோடு.

மூன்று பதினைந்துதான் என்று அண்ணன் முடிவு சொன்னான். பில் போடச் சொன்னான்.

பாய் அவளைப் பார்த்து, எதற்கு வேண்டும் என்று கேட்டார். உள்ளே வந்ததிலிருந்து யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அதுகிட்டப் போய் என்னத்தக் கேக்குறீங்க, பாய்? அதுக்குத் தோட்டாவுக்கும் டார்ச்லைட் பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியாது," என்றான் அண்ணன்.

சுந்தரவேல் சிரித்தான்.

அவள் எழுந்தாள்.

"பன்னிய வெரட்ட, பாய். சத்தம் போதும்."

சத்தம் போதும் என்றால் பன்னிரண்டு ‘போர்’ அளவு ஒற்றைக்குழல் துப்பாக்கி போதும் என்றார் பாய். வாய் அகலமான குழல். வெடித்தால் மலையே எழுந்து உட்காரும். விலையும் இதைவிடக் குறைவு.

சுந்தரவேல் குறுக்கே வந்தான். அதெல்லாம் கிழவர்கள் வைத்திருக்கிற சாமான் என்றான். தூரம் போகாது என்றான். தங்கச்சிக்குத் தோள் தாங்காது என்றான்.

தங்கச்சியாம்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"இவரு துப்பாக்கித் தோட்டா அதுல சேருமா, பாய்?"

பாய் அவளைப் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் பார்த்தார்.

"போட்டா அந்தப் பக்கமா உருண்டு விழுந்துரும்மா."

"அதக் காட்டுங்க."

அண்ணன் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன் என்றான். மெதுவாகச் சொன்னான்.

அவள் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். அதே ஜீப்பில். இதே இரண்டு பேரோடு. மலை ஏறி முடிக்கும்வரை வளைவுகள்தான், வீடுகள் இல்லை.

எல்லாம் தெரியும்.

பாய் சாவியை எடுத்தார். ஒற்றைக்குழல்கள் உள்ளறையில் இருந்தன. அவள் மேசையைச் சுற்றி வந்தாள். அண்ணனும் பின்னாலேயே வந்தான்.

பாய் கதவு நிலையில் கையை வைத்து மறித்தார். யார் பெயருக்கு வாங்குகிறார்களோ அவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றார்.

"பேரு அதோடது. துப்பாக்கி என்னோடது, பாய்," என்றான் அண்ணன்.

சொன்ன பிறகுதான் சுந்தரவேல் அவனைத் தடுக்கத் தோளைத் தொட்டான்.

பாய் கையை எடுக்கவில்லை. அவள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

எண்ணெய் வாடை. சுவரோரம் வரிசையாகக் குழல்கள்.

முதுகுக்குப் பின்னால் அண்ணன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். முழுப்பெயர். கடைசியாக எப்போது கூப்பிட்டான் என்று நினைவில்லை.

பாய் உள்ளே வந்து இரும்புக் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டினார்.