மோர் மிளகாய்

சறுக்குமரத்திலிருந்து நறுமுகையைத் தள்ளிவிட்ட தர்ஷித், மிஸ் மிரட்டியதற்காக 'சாரி' சொல்லிவிட்டுச் சிரித்தான். அதனால் இரண்டாம் வகுப்பின் வழக்கப்படி இருவர் கையிலும் பரிவுப் பட்டை ஏறியது. இனிப் பள்ளி விடும் மணி அடிக்கும்வரை அவளுக்கு எங்கே வலித்தாலும் அவனுக்கும் அங்கேயே வலிக்கும்.

"அடுத்தவங்க வலி தெரிஞ்சாத்தான்டா இரக்கம் வரும்," என்றார் மிஸ்.

முட்டிச் சிராய்ப்பின் எரிச்சல் மதியத்துக்குள் அடங்கிவிட்டது. தர்ஷித் மறுபடி இளித்தான்.

நறுமுகை டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர்சாதத்தின் ஓரத்தில் மூன்று மோர் மிளகாய்கள். தினமும் தொடாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகிறவள், இன்று ஒன்றை எடுத்து, அவனையே பார்த்தபடி விதையோடு நறுக்கென்று கடித்தாள்.

"ஐயோ மிஸ், தண்ணி!" என்று அலறினான் தர்ஷித். ஒரு பாட்டில் குடித்தும் அடங்கவில்லை. எரிச்சல் அவள் வாயில் அல்லவா இருந்தது!

மிஸ் நெகிழ்ந்துபோனார். "பாத்தியா நறுமுகை, உன் வலி அவனுக்குப் புரிஞ்சிடுச்சு. பட்டையைக் கழட்டிடலாமா?"

நறுமுகைக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. தன் தண்ணீர் பாட்டிலை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவைத்தாள்.

"இன்னும் புரியல மிஸ்," என்று இரண்டாவதை எடுத்தாள்.