மூக்கும் முழியும்

"மூணு வீட்டுக்குப் போட்டோ போச்சு. மூணு பேருமே பொண்ணுக்கு இப்போ கல்யாணம் பண்றதா இல்லைன்னுட்டாங்க. நேர்ல பார்த்தா என் பிள்ளை மூக்கும் முழியுமாத்தான் இருக்கான். படத்துல மட்டும் ஏன்மா இப்படி?"

அம்மா பழைய படங்கள் மூன்றையும் ஸ்டுடியோ மேசைமேல் பரப்பினாள். மூன்றிலும் முகத்துக்கு முன்பாக மூக்கு வந்து நின்றது. காதுகள் எங்கோ பின்னால் ஒதுங்கியிருந்தன.

பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் முப்பத்து மூன்று முடிகிறது. நாலாவது வீட்டுக்காரர்கள் இன்று மாலைக்குள் படம் கேட்டிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் அம்மாவுக்குக் கேட்க வேறு வீடில்லை.

"முகவெட்டு அப்படிம்மா," என்றாள் ஸ்டுடியோக்காரப் பெண், கேமராவைத் துடைத்தபடி.

"அவன் முகவெட்டு அப்பாவை உரிச்சு வச்சது. அந்த முகத்தைப் பார்த்துதானே நான் கட்டிக்கிட்டேன்? நீ எந்த லென்ஸ்ல எடுத்தே, அதைச் சொல்லு."

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "இருபத்து நாலு."

"அப்படின்னா?"

"அகலமாக் காட்டுற லென்ஸ். முகம் மட்டும் பெருசா வரணும்னா ரொம்பக் கிட்டப் போகணும். கிட்டப் போனா மூக்கு பக்கத்துல, காது தூரத்துல. பக்கத்துல இருக்கறது பெருசாத் தெரியும்."

"தள்ளி நின்னு எடுக்கிறது இல்லையா?"

"இருக்கு. எண்பத்தஞ்சு. அதுல எல்லாம் அதனதன் அளவுல வரும். ஆனா தள்ளி நிக்க இந்த ரூம்ல இடம் பத்தாதும்மா."

அம்மா எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள். "நடையில நின்னு எடு."

"அங்க வெளிச்சம்..."

"வெளிச்சம் உன்மேலயா விழணும்? அவன்மேலதானே. எடும்மா."

அவள் லென்ஸை மாற்றிக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றாள். பிள்ளை நிமிர்ந்தான். ஒரே ஒரு படம்.

திரையில் அது விரிந்ததும் அம்மா குனிந்து பார்த்தாள். மூக்கு மூக்கின் இடத்தில், காது காதின் இடத்தில். கண்ணில் அவள் இதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு.

"இதைப் பார்த்துட்டு எவ வேண்டாம்பா? நம்பர் சொல்றேன், இப்பவே அனுப்பிடு."

அந்தப் பெண்ணின் விரல் அசையவில்லை.

"என்னம்மா, என் பிள்ளை அழகைப் பார்த்து நீயே மலைச்சுப் போயிட்டியா?"

"இதை என்னால அனுப்ப முடியாது அத்தை," என்றாள் அவள், தலை நிமிராமல். "எங்களைப் பத்தி வீட்ல பேசுற தைரியம் வர்ற வரைக்கும் அந்த இருபத்து நாலையே மாட்டச் சொன்னது உங்க பிள்ளைதான்."