ஒலிபெருக்கியில் ஒரு பெயர்

"நாலு வயசும்மா. நீலக் கம்பளி நூல்ல நானே பின்னுன நீச்சல் டவுசர் போட்டிருக்கான். கையில பாதி குச்சி மிட்டாய்."

சொன்னவருக்கு எண்பத்தைந்து வயதுக்குக் குறையாது.

எழுதப் பேனாவை எடுத்த நான் அதைக் கீழே வைத்துவிட்டேன். கம்பளியில் நீச்சல் டவுசர் பின்னுவதை எங்கள் கடற்கரை மறந்து ஐம்பது வருடமாகிறது. என் தம்பியிடம் ஒன்று இருந்தது. நனைந்தால் முழங்கால் வரை தொங்கும்.

காணாமல்போகும் பிள்ளைகளுக்காக மணலில் போட்டிருக்கும் மரக்குடில் அது. ஆகஸ்ட் முழுக்க நானும் என்னோடு வேலை பார்க்கும் ரெக்கும் அதில் உட்கார்ந்திருப்போம். அழும் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட், தேடிவரும் தாய்க்கு ஒரு தேநீர். ஆண்டவர் எனக்கு வேறு பெரிய ஊழியம் எதையும் தரவில்லை.

ரெக் என் காதருகே குனிந்தார். "இந்த வயசுல நாலு வயசுப் புள்ளையா? பைபிள்ல தொண்ணூறு வயசுல புள்ள பெத்த சாராளே நேரா நம்மகிட்ட வந்துட்டாங்களா, ஹில்டா?"

"வாய மூடிட்டுத் தண்ணியக் கொதிக்க வை, ரெக்."

அந்த அம்மாவின் காலணி நனைந்திருந்தது. இடுப்பு வரை ஈரம் ஏறிய கோட்டின் ஓரத்தில் மணல். நெடுநேரம் தண்ணீர் விளிம்பில் நடந்திருக்கிறார்.

"அந்த டிரைவர் வேற," என்று வெளியே கை காட்டினார். "நல்ல மனுஷன்தான். ஆனா புள்ளைய இங்க விட்டுட்டு என்னைக் கார்ல ஏறச் சொல்றாரு. எந்தத் தாய் ஏறுவா?"

குடிலுக்கு வெளியே அறுபது வயதுக்காரர் ஒருவர், கையில் ஒரு பெண்கள் கம்பளிச் சால்வையோடும் பிளாஸ்க்கோடும் நின்றிருந்தார். நான் பார்த்ததும் மெல்லத் தலையை ஆட்டினார். மறுத்துப் பேசாதீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

அவருக்குப் பின்னால், வற்றிப்போயிருந்த கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அது அலையடித்து வராது. மணலின் பள்ளங்களில் சத்தமில்லாமல் நிறைந்து, நிற்பவர்களின் முதுகுப்பக்கமாக வரும். விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் முன்னால் இருக்கும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த அம்மா விவரம் தெரிந்தவர். பள்ளங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஆகஸ்டில் என்று மட்டும்தான் தெரியவில்லை.

தேநீரை நீட்டினேன். வாங்கவில்லை.

"தேடறோம் தேடறோம்ங்கறீங்க. ஒருத்தராவது என் புள்ளைய பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

எங்களுக்கு ஒரு விதி உண்டு. பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லவே கூடாது. பெயர் தெரிந்தால் கண்டவனும் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்விடலாம். உடையை மட்டும்தான் சொல்வோம். இருபத்தொரு வருடத்தில் அந்த விதியை நான் மீறியதில்லை.

"பேர் என்னம்மா?"

"நைஜல்."

ரெக் என் கையைப் பிடித்தார். "செத்த புள்ளையவா கூப்பிடப் போற?" என்றார், உதடு மட்டும் அசைய.

பொய் சொல்லாதவள் என்று எங்கள் சபையில் எனக்குப் பெயர். கூப்பிடுவது பொய்யா என்று ஒரு கணம் கண்ணை மூடிக் கேட்டேன். பொய் என்று உள்ளே எதுவும் சொல்லவில்லை.

"நைஜல்," என்றேன் ஒலிபெருக்கியில். "நைஜல், அம்மா இங்கதான் இருக்காங்க கண்ணு. உனக்காகக் காத்துட்டு இருக்காங்க. வந்துடு."

பிள்ளைகள் சவாரி போவதற்காக மணலில் கட்டியிருந்த கழுதைகள் காதைத் தூக்கின. சாய்வு நாற்காலிகளில் யாரும் அசையவில்லை. கடல்பாலத்தின் இரும்புக் கால்களில் பட்டு, என் குரல் இல்லாத ஒரு குரலில், அந்தப் பெயர் திரும்பி வந்தது.

அந்த டிரைவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த அம்மா தேநீரை வாங்கி இரண்டு வாய் குடித்தார்.

"அது போதும். கூப்பிட்டா வந்துடுவான். சொன்ன பேச்சு கேக்கற புள்ளை."

கோப்பையை என்னிடம் தந்துவிட்டுத் தானாகவே எழுந்து வெளியே போனார். டிரைவர் சால்வையைப் போர்த்தியபோது தடுக்கவில்லை. ரெக் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கரைப் படிக்கட்டுப் பக்கம் மெதுவாகக் கூட்டிப்போனார்.

நான் டிரைவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"பையன்… உடம்பாவது கெடச்சுதா?"

அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"இருபது நிமிஷத்துல கெடச்சுட்டான். கழுதைக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டு இருந்தான்."

கோப்பையில் மிச்சமிருந்த தேநீரை மணலில் ஊற்றினேன்.

"அவங்களுக்கு எல்லாமே ஞாபகத்துல இருந்து போயிடுச்சு. கல்யாணம், வீடு, எங்கப்பா செத்தது. அந்த இருபது நிமிஷம் மட்டும் போக மாட்டேங்குது."

படிக்கட்டின் அடியிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார்.

"டிரைவர் தம்பி, கொஞ்சம் கையக் குடுங்க. வழுக்குது."

"வந்துட்டேன்," என்று ஓடினார். அறுபது வயதுக்காரர் ஓடுவதுபோல் இல்லை அது.

அந்த அம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். படிக்குப் படி நின்று, திரும்பி, மணலில் தேடிக்கொண்டே ஏறினார்.