ஜன்னல் கம்பித் துரு

ராஜசேகர் கடைசியாகச் செய்த மாதிரி ரயில் பெட்டி ஒரு சாண் நீளம். அவர் இறந்தபோது அது புதுசாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. நிஜப் பெட்டி மாதிரி அதைப் பழசாக்க, அவர் மனைவி அருணா போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். இரும்பு கேட்டிலிருந்து துருவைச் சுரண்டிப் பொடித்து, ஜன்னல் கம்பிகளில் தூரிகையால் பூசினாள்.

விழுப்புரத்தில் வேலை முடிந்து ரயிலில் திண்டிவனம் திரும்பும்போது ராஜசேகர் ஜன்னல் கம்பியில் முழங்கையைச் சாய்த்தபடியேதான் வருவார். சட்டையின் இடது முழங்கையில் தினமும் துருக்கறை இருக்கும். அருணா திட்டிக்கொண்டே துவைப்பாள்.

துரு பூசிய மறுநாள் காலை மாதிரிப் பெட்டியின் மூன்றாவது ஜன்னலில் மட்டும் துரு இல்லை.

பீரோவைத் திறந்த மகள் தர்ஷினி கேட்டாள். “அம்மா, அப்பா சட்டைய தோய்க்காமலேயே வெச்சிக்கினு இருக்கியா?”

“தோய்ச்சு மடிச்சுதான் வெச்சேன்.”

சட்டையின் இடது முழங்கையில் துரு இருந்தது. தொட்டதும் பொடியாக விரலில் ஒட்டியது.

வீடியோவில் கடைசி வேலை வார்னிஷ். அதை அடித்துவிட்டால் துரு உதிர்ந்து வேறெதிலும் ஒட்டாது. தர்ஷினி டப்பாவை எடுத்துக் குலுக்கினாள்.

“நான் அடிச்சிடட்டாம்மா?”

“வேணாம், வெச்சிடு.”

அருணா திட்டிக்கொண்டே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். பிறகு உட்கார்ந்து, மூன்றாவது ஜன்னலுக்கு மட்டும் மறுபடி துரு பூசினாள்.